பதினாலாம் நம்பர் வீடு

டீச்சர், அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறீர்களா? முழுக்க வேண்டாம், பாதி போதும். எனக்காகச் சொல்லவில்லை. மடியில் மாத்திரை இருக்கிறது, சாரல் படக் கூடாது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதைத் துணிப்பைக்குள் வைத்து, மேலே துண்டையும் போட்டிருக்கிறேன். இருந்தாலும் மனசு அடங்கமாட்டேன் என்கிறது. கோடை மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

டீச்சர்தானே நீங்கள்? கையில் பரீட்சைப் பேப்பர் கட்டு இருக்கிறதே, அதை வைத்துச் சொன்னேன். திருத்துங்கள், திருத்துங்கள். நான் ஏழாவதோடு நின்றவள். சிவப்பு மையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான்.

அதோ, டிரைவருக்குப் பின் சீட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். என் பக்கத்தில் உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். முன்னால் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும் அவருக்கு. கண்டக்டராக இருந்தவர். இதே கோவில்பட்டி மதுரை ரூட்டில்தான், தனியார் வண்டியில். டிக்கெட் கிழிக்கிற கை என்றால் அப்படி ஒரு கை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்பார், காசு ஒரு விரல் இடுக்கில், பேனா காதில், கட்டிலிருந்து டிக்கெட் ஒன்றே ஒன்றுதான் வரும், ஓரம் பிசிறடிக்காது. இப்போதுதான் மிஷினில் வருகிறதே. போன தடவை இந்தக் கண்டக்டர் பையன் அந்த மிஷினை அவர் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, நீங்க ஒரு டிக்கெட் அடிங்க பாப்போம்" என்றான். விளையாட்டுக்குத்தான். அவர் சிரித்துவிட்டுக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் என் மகள் வந்து நிற்பாள். அதுதான் எனக்கு இப்போது பெரிய பாடாக இருக்கிறது. அவளோடு நான் பேசி மாதக்கணக்காகிறது. போன் வந்தால் எடுத்து அவர் காதில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்றைக்கு நேருக்கு நேராக நிற்கப்போகிறாள். நீங்கள் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர், உங்களிடமே கேட்கிறேன். பெற்ற தாயைச் சபையில் தலைகுனிய வைத்த பிள்ளையிடம் தாய் போய் முதலில் பேசலாமா?

முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செண்பகா என்று பேர் அவளுக்கு. ஒரே பிள்ளை. கெமிஸ்ட்ரி எடுத்து, மேலே மேலே படித்து, பி.எச்.டி. வரைக்கும் போய்விட்டாள். நான் தெருவில் இட்லி அவித்து விற்கிறவள். காலையில் இட்லி வாங்க வருகிறவர்களிடம், என் மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு வந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். "எம்மா, நான் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கல. கடையில விக்கிற மாத்திரையில அட்டையில போட்டிருக்கிற அளவு மருந்து நெசமாவே இருக்கான்னு பாக்கேன், அவ்வளவுதான்" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அதை ஏன் சட்னி வாளிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்? உள்ளே வந்து சொல்லியிருக்கலாமே. அவளுக்கு எப்போதும் இந்தக் குணம் உண்டு. உண்மையாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுவாள்.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். மாத்திரையை இடித்து மாவாக்குவார்களாம். வெற்றிலை இடிக்கிற குட்டி உரல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். மாவை ஒரு தண்ணீரில் கரைத்து, அதில் மூன்று கம்பியை முக்கி, துளித் துளியாகக் கரண்ட் விடுவார்களாம். அதில் ஒரு கம்பி என்ன தெரியுமா? பிள்ளைகள் எழுதுகிற மைக்ரோ டிப் பென்சிலுக்குள் போடுகிற குச்சி. உங்கள் பள்ளிக்கூட வாசலில் விற்கிறதே, அதேதான். அந்தக் கரிக்குச்சியில் மருந்து வந்து முட்டும்போது கம்ப்யூட்டரில் கோடு ஒரு குன்று மாதிரி எழும்பும். குன்று எவ்வளவு உயரமோ அவ்வளவு மருந்து. காலண்டர் தாளின் பின்னால் வரைந்து காட்டினாள்.

நான் சும்மா இருக்கமாட்டாமல், "அப்போ கழுகுமலை உசரத்துக்கு எந்திரிச்சா நல்ல மாத்திரை. நம்ம கதிரேசன் கோயில் பொத்தை மாதிரி குட்டிக் குன்னா இருந்தா ஏமாத்து மாத்திரை. அப்படித்தானட்டி?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எஸ்தர் மேடத்திடம் சொல்கிறேன் என்றாள். எஸ்தர் மேடம் என்பது அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியை. நல்ல அம்மாள். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லுவார்கள்.

இனிமேல் வருகிறதுதான் விஷயம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கோடையில் பக்கவாதம் அடித்தது. பெரிதாக இல்லை, கடவுள் காப்பாற்றினார். பேச்சு கொஞ்சம் குழறும், வலது கையில் இரண்டு விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க விடக்கூடாது என்றார்கள். அட்டையிலிருந்து அதை எடுக்க அவரால் முடியாது. ஒருநாள் விருந்தாட்கள் இருக்கும்போது தானாக எடுக்கப் பார்த்தார். தாளைப் பிய்க்கிறார், பிய்க்கிறார், வரவில்லை. பல்லால் இழுத்தார். மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து தேடினார்கள். அவர் மட்டும் குனியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த முகத்தை என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து நானே செய்தேன். மாத்திரை வாங்கி வந்ததும், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு வைத்துவிடுவேன். எங்கள் கல்யாணத்துக்கு என் நாத்தனார் பேச்சியம்மாள் சீராகச் செய்த சம்புடம். பேர் வெட்டியிருக்கும், ஓரத்தில் ஒரு நசுக்கல் இருக்கும். அதைச் சாமி அலமாரியில் வைத்தேன். விளக்கேற்றி, திருநீறு பூசி, துளசித் தண்ணீரோடு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைப்பேன். இதில் என்ன தப்பு சொல்லுங்கள்? எத்தனை பெண்டாட்டி இப்படிச் செய்வாள்?

அலமாரி அடுப்படியில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அடுப்படியை விட்டால் இருக்கிறது ஒரே அறை, அங்கே அவர் கட்டில். அலமாரிக்கு நேர் கீழே இட்லிக் கொப்பரை. அதற்கு நான் என்ன செய்ய?

கொஞ்ச நாளில் அங்கே ஒரு புளித்த வாடை அடித்தது. மாவு புளித்துவிட்டது என்று நினைத்தேன். இட்லிக்காரி வீட்டில் வேறு என்ன வாடை வரும்? பானையை மாற்றினேன், உளுந்தை மாற்றினேன், பக்கத்து வீட்டுக் கிரைண்டரைக் குறை சொல்லி அவளோடு ஒரு சண்டையும் போட்டேன். சம்புடத்தைத் திறந்தால் வாடை கூடுகிற மாதிரி இருந்தது. ஒரு துண்டு கற்பூரத்தை உள்ளே போட்டு மூடினேன். சரியாகப் போய்விட்டது. சரியாகப் போய்விட்டது என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்ததே, அப்போது ஒரு காலையில் அவருக்கு வாய் கோணிவிட்டது. கையிலிருந்த டம்ளர் விழுந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். போய்ச் சேருவதற்குள் முகம் நேராகிவிட்டது. ஆனால் டாக்டர் விடவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். என் கையால் ஒரு நாள் தவறாமல் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சில ஆட்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்திருந்து அப்புறம் துப்பிவிடுவார்கள், நீங்கள்தான் கவனிக்க வேண்டும் என்றார். நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். வாயால் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினார். துப்பாதவராக இருந்தால் வாயைத் திறந்து சொல்லமாட்டாரா என்று எனக்குத் தோன்றியது. குழறுகிறது என்று வெளி ஆட்கள் முன்னால் அவர் பேசுவதே இல்லை. அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மறுநாளிலிருந்து மாத்திரையைக் கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். அந்தப் பக்கம் காட்டுங்கள், இந்தப் பக்கம் காட்டுங்கள் என்பேன். முதல் நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திறந்தார். எல்லாம் அவர் நல்லதுக்குத்தானே டீச்சர். இட்லி வாங்க வருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும், அதுதான் மாத்திரை நேரம். ஒரு பிள்ளை பார்த்துவிட்டுத் தானும் வாயைத் திறந்து காட்டிச் சிரித்தது. பேச்சி மதினி ஊரிலிருந்து வந்திருந்தபோது அவர்கள் முன்னாலும் செய்தேன். "துப்புதான்னு டாக்டர் சொல்லிட்டாரு மதினி. உங்க தம்பி வேலையைப் பாருங்க" என்றேன். மதினி அவரைத் திட்டினார்கள். அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இது கிளைக்கதை. நான் மகளைப் பற்றியல்லவா சொல்ல வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வீட்டு மாத்திரை சேகரித்தாள். கடையில் இருக்கும்போது மருந்து சரியாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்த பிறகு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று எஸ்தர் மேடம் சொன்னார்களாம். தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருவர் டிவிக்கு மேலே வைத்திருந்தார், ஒருவர் பீரோவுக்குள், ஒருவர் பிரிட்ஜில். நம் வீட்டிலும் எடு என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். சம்புடத்தைத் திறந்து கிழக்கே பார்த்து நின்று கை நிறையக் கொடுத்தேன். அவள் வாங்கி மோந்து பார்த்தாள். சம்புடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

எடுத்துக்கொண்டு போனவள் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள். லீவு கிடையாது, சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். பை நிறையப் புது மாத்திரை அட்டை. நான் மாவு அரைக்கப் போயிருந்த நேரத்தில் சம்புடத்தைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். மாத்திரை, கற்பூரம், எல்லாம் சாக்கடையில். கேட்டால், "இனிமே அட்டையிலேயே இருக்கட்டும்மா. அடுப்படியில வேண்டாம், அப்பா தலைமாட்டுல மாட்டிவைப்போம். மேடம் சொன்னாங்க" என்கிறாள். மேடம் சொன்னார்களாம். அப்புறம் உட்கார்ந்து, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஓரத்தில் தாளை லேசாக நறுக்கி விட்டாள், உள்ளே காற்றுப் போகாத அளவுக்கு, ஆனால் அவர் இடது கையால் இழுத்தால் வந்துவிடும். அவர் இழுத்துப் பார்த்தார். வந்தது. அப்பாவும் மகளும் சிரித்துக்கொண்டார்கள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் செய்தவள் நான்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் வாயைத் திறக்கச் சொன்னபோது அவள் குறுக்கே வந்துவிட்டாள்.

"அப்பாவ அப்படிச் செய்யாதம்மா. அவர் துப்பல."

"உனக்கெப்படித் தெரியும்? நீ இங்கயா கெடந்த?"

என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது, உடனே திரும்பித் தண்ணீர் எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள், படித்த திமிர் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதைவிட இவள் சொல்வது பெரிதா? நான் நிறுத்தவில்லை. இன்னும் கறாராகப் பார்த்தேன்.

இந்தத் தை மாசம் அவளுக்கு வைவா. உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசிப் பரீட்சை மாதிரி, ஆனால் எல்லோரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். சொந்தக்காரர்களைக் கூப்பிடுவார்கள். வந்தவர்களுக்கு ஸ்வீட், காரம், காபி கொடுக்க வேண்டும். நான் விடியுமுன்னே எழுந்து அதிரசமும் முறுக்கும் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். பட்டுச்சேலை கட்டினேன். அவருக்குப் புதுச் சட்டை. பேச்சி மதினியையும் கூட்டிக்கொண்டு போனோம். மதினிக்குத் தெரியவேண்டாமா, என் பிள்ளை எங்கே போயிருக்கிறாள் என்று.

பெரிய ஹால். வெளியூரிலிருந்து ஒரு சார் பரீட்சை வைக்க வந்திருந்தார். வெள்ளைத் தலை. செண்பகா மேடையில் நின்று இங்கிலீஷில் பேசினாள், சுவரில் படம் படமாக மாறிக்கொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் குன்று வந்தபோதெல்லாம் மதினியை இடித்து, அதுதான் மருந்து என்று சொன்னேன்.

கடைசியில் அந்தச் சார், வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் விளங்குகிற மாதிரி நாலு வார்த்தை தமிழில் சொல்லம்மா என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. இவள் மேடத்தைப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். நல்ல மாத்திரைக்குக் குன்று கழுகுமலை மாதிரி எழும்பும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சு அது! என்னிடம் கேட்டாளா? சுவரில் ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணிமேல் ஒரு சம்புடம். பேர் வெட்டின பக்கத்தைத் திருப்பி வைத்து எடுத்திருந்தாள். ஆனால் நசுக்கல் எனக்குத் தெரியாதா?

பதினாலாம் நம்பர் வீடு என்றாள், மாத்திரை வாங்கின வீடுகளுக்குப் பேருக்குப் பதில் நம்பர் போட்டிருந்தாள். இந்த வீட்டில் மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்து அடுப்புப் பக்கம் வைத்திருந்தார்கள், ஆவி பட்டுப் பட்டு மாத்திரை உள்ளேயே உடைந்துவிட்டது, மருந்துக் குன்று பாதிகூட எழும்பவில்லை, பக்கத்தில் இருக்கக்கூடாத வேறொரு குன்று எழும்பியிருக்கிறது, புளித்த வாடை வந்தால் அதுதான் அடையாளம் என்றாள். அப்புறம் சபையைப் பார்த்துத் திரும்பினாள். "அந்த வீட்டுக்காரங்க மேல தப்பில்ல. நோயாளிக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னு அன்பாத்தான் செஞ்சிருக்காங்க. நாமதான் அவங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

தப்பு என்ற வார்த்தைதான் எனக்குக் காதில் விழுந்தது டீச்சர். சபையில் இத்தனை பேருக்கு முன்னால்.

மதினி என் பக்கம் சாய்ந்து, "ஏ ஆவுடை, இது நான் செஞ்ச சம்புடம் மாதிரில்லா இருக்கு" என்றார்கள்.

எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அந்த நேரம் பார்த்து வெள்ளைத்தலை சார், சபையில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். கேட்பது வழக்கமாம், யாரும் கேட்கமாட்டார்களாம். எனக்கு அது தெரியாது. நான் எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"அடுப்புப் பக்கத்துல வைக்கலைங்கய்யா. சாமி அலமாரியிலதான் வச்சேன். குளிக்காம ஒருநாள் தொட்டதில்ல."

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீங்க...?" என்றார்.

"நான்தான் பதினாலாம் நம்பர் வீடு."

பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். எஸ்தர் மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகா மேடையில் கையில் இருந்த பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தாள். சார் ரொம்ப மரியாதையாகச் சொன்னார், நீங்கள் மாத்திரை கொடுத்ததால்தான் இந்த ஆராய்ச்சியே நடந்தது, பெரிய உதவி என்றார். அவர் சொன்னது ஒன்றும் எனக்கு ஏறவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு டாக்டர் பட்டம் என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் அதிரசத்தை யார் பரிமாறினார்கள் என்று தெரியாது. அவள் பக்கத்தில் வந்து, "எம்மா, நான் பேர் சொல்லலம்மா" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதோடு பேச்சு நின்றது.

இப்போது சொல்லுங்கள். முன்னாலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதுதான் நடந்தது, மாத்திரை கெட்டுப்போனது உன்னால்தான் என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் தாங்கமாட்டேன் என்று நினைத்தாளாம். மேடம் போன் செய்து சொன்னார்கள். நான் தாங்கமாட்டேனா? நான் என்ன சின்னப் பிள்ளையா?

ஐப்பசியில் அவருக்கு வந்தது அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை டீச்சர். சாரும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை, டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மதினியும் எங்களோடுதான் திரும்பி வந்தார்கள். கோவில்பட்டியில் இறங்குகிற சமயத்தில்தான் கேட்டார்கள். "அப்போ என் தம்பி துப்பலையா, ஆவுடை?"

அவர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். திரும்பவில்லை.

மதினி கேட்டதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சுபாவம் அப்படி. பிள்ளை செய்ததுதான் ஆறமாட்டேன் என்கிறது. மறுநாளிலிருந்து வாயைத் திறக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தின பிறகு அதில் என்ன இருக்கிறது? மன்னிப்பு அது இது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார்.

சாத்தூர் வந்துவிட்டதா? வண்டி இங்கே கொஞ்சம் நிற்கும். அவர் இட்லி சாப்பிட்டு மாத்திரை போடுகிற நேரம். நான் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். இட்லியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டேன், இந்தப் பையை மட்டும் சீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளரிக்காய் வேண்டுமா? வேண்டாமா? சரி.

வந்துவிட்டேன். தள்ள வேண்டாம், இடம் இருக்கிறது.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரியும். எல்லோரும்தான் பார்த்தார்கள். அந்தக் கண்டக்டர் பையன்கூட.

நான் சொல்லவில்லை டீச்சர். சத்தியமாக இன்றைக்கும் சொல்லவில்லை, நேற்றும் சொல்லவில்லை. அட்டையை அவர் கையில் கொடுத்தேன், அவரே இழுத்து எடுத்தார், தண்ணீரைக் குடித்தார். அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குப் பிறகு அவராகத்தான் வாயைத் திறக்கிறார். நாக்கைத் தூக்குகிறார். அந்தப் பக்கம் காட்டுகிறார், இந்தப் பக்கம் காட்டுகிறார். வேண்டாம், மூடுங்கள் என்று எத்தனை நாள் சொல்லியாயிற்று. திரும்பிக்கொண்டு நின்றும் பார்த்தேன், அப்படியே திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். வெளி ஆள் யார் இருந்தாலும் சரி. பழக்கத்தில் செய்கிறாரா, என்ன நினைத்துச் செய்கிறார், ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குப் பேச வசதியாக இருக்கும்.

நான் பார்க்கிற வரைக்கும் மூடமாட்டார். அதனால் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம்தான் மூடினார்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா. அவள் மேல் ஒரு குறை சொல்ல வந்தேன். எதில் விட்டேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?